ஆமை ஓடு

இப்போதெல்லாம் எதைக் குப்பை என்று சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்றே தெரிவதில்லை. அரங்கத்துச் சாவிக்கொத்தை இருபது வருடமாக இடுப்பில் சுமக்கும் காவலாளிக் கிழவருக்கு இந்த மூன்று நாள் குழந்தைகள் நாடக விழா ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. ஆப்பிரிக்கக் கதைகளாம். அதை வைத்துக் காடு, கடல் எல்லாவற்றையும் காப்பாற்றப் போகிறார்களாம். அதைச் சொல்லி வாசலில் கட்டியிருந்த தட்டியே புத்தம்புது பிளாஸ்டிக். அவரைத் தவிர யாருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை ஒப்பனை அறையைத் திறந்தபோது மூலையில் ஒரு பழைய சாக்கு கிடந்தது. அதன்மேல் பாட்டில் மூடிகளும் நசுங்கிய பால் கவர்களும். வெளியே குப்பை வண்டி ஹாரன் அடித்தது. கிழவர் சாக்கை அள்ளிக்கொண்டு நடந்தார்.

பெருக்க வருகிறவள் வாளியோடு எதிரே வந்தாள். "அண்ணே, அதுல நூலெல்லாம் கோத்திருக்கு. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்களேன்."

"குப்பைக்கு சிபாரிசு வேறயா? போம்மா, போய் வேலையப் பாரு."

பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். ஆமை வேஷம் போடுகிற சிறுமி மூலையைப் பார்த்தாள், மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள், பிறகு மறுபடியும் மூலையையே பார்த்தாள். அழவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மூன்று மாதம் தெருத்தெருவாகப் பொறுக்கிக் கோத்த ஓடாம் அது. டீச்சர் கையைப் பிசைந்தாள். மேனேஜர் ஓடி வந்தார்.

"ரூம் பெருக்குறது நீதானே? கண்ணு என்ன பின்னாடியா இருக்கு? நாளையிலேர்ந்து வர வேணாம்."

பெருக்குகிறவள் வாயைத் திறந்தாள். கிழவரைப் பார்த்தாள். கிழவர் சாவிக்கொத்தில் எதையோ தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் நாலு வார்த்தை சண்டையாவது போட்டிருக்கலாம். 

நாடகம் தொடங்கியது. பறவைகளோடு வானத்து விருந்துக்குப் போன ஆமை, அத்தனையும் எனக்கே என்று தின்று தீர்த்துவிட்டு, கீழே விழுந்து ஓட்டை உடைத்துக்கொள்கிற கதை. மனிதர்கள் காட்டில் எறிந்துவிட்டுப் போனதையெல்லாம் பொறுக்கி அது தன் ஓட்டை ஒட்டவைக்க வேண்டும். சிறுமி வெறும் முதுகில் டீச்சரின் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.  பிறகு சபையைப் பார்த்து, "ஒட்டி வெச்சிருந்த ஓட்டை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க யாராவது பாத்தீங்களா?" என்றாள்.

முன்வரிசைப் பொடிசுகள், "நாங்க பாக்கலை!" என்று கத்தின. அரங்கமே சிரித்தது. கிழவர் கடைசிக் கதவோரம் நின்றிருந்தார். கூட்டத்தில் பதில் சொல்லாதது தான் ஒருவர்தான் என்று அவருக்குப் பட்டது.

இடைவேளையில் மேனேஜரிடம் போனார். பக்கத்தில் சிறுமியும் டீச்சரும் நின்றார்கள்.

"அந்தம்மா இல்ல. நான்தான் தூக்கி வண்டியில போட்டேன். அது வேணாம்னுதான் சொல்லுச்சு."

மேனேஜர் குரலை உயர்த்தினார். "இதக் காலைலயே சொல்றதுக்கு என்ன?"

கிழவர் சாவிக்கொத்தை இடுப்பில் இழுத்துவிட்டுக்கொண்டார். சிறுமிதான் கேட்டாள்: "குப்பைன்னு நெனச்சிட்டீங்களா தாத்தா?"

"ஆமா."

"இப்ப?"

கிழவர் பொய் சொல்லலாமா என்று யோசித்தார். ஒரு நாளைக்கு ஒன்று போதும். "இப்பவும் அப்படித்தான் தோணுது பாப்பா."

அவள் கோபித்துக்கொள்ளாமல் தலையை ஆட்டினாள். மேனேஜர், "அந்தம்மா எங்கப்பா? கூப்பிடு" என்றார். யாரோ ஓடினார்கள். அவள் வந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். கிழவர் பின்கதவு வழியாக வெளியே இறங்கினார். நாலு மூடியைக் கோத்தால் அதற்குப் பெயர் ஓடாமா என்று முனகிக்கொண்டே, நிழல் பக்கம் ஒதுங்காமல் வெயிலிலேயே, விடுவிடுவென்று நடந்தார்.