முதலில் யார் ஏறுவது

மேலே மழை பிடித்துக்கொண்டதை முதலில் கண்டுகொண்டது தொல்லியல் டாக்டர் கியூமர்ஸின் முழங்கால்கள்தான். தவழ்ந்துகொண்டிருந்தவரின் காலடியில் தண்ணீர் சிலீரென்று ஓடியது. ஈரானின் பழைய தக்தே ஜம்ஷீத் அரண்மனைக்கு அடியில், மழைநீர் வடிய அந்தக் காலத்து ராஜாக்கள் பாறையைக் குடைந்து போட்ட வாய்க்கால் அது. இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இறங்கினார். செய்கிறது, பேஷாகவே செய்கிறது. பாழாய்ப்போன மழை!

வந்த வழியே திரும்பலாமென்றால், பின்னால் மண் சரிந்து அடைத்துவிட்டது. முன்னால் கிணறு மாதிரி செங்குத்தாக ஒரு துவாரம். அதன் வாயிலிருந்து காவல்காரர் நௌரூஸ் அலி முளை அடித்துக் கயிறு விட்டார்.

"ஒவ்வொருத்தரா ஏறுங்க! முளை ரெண்டு பேரைத் தாங்காது!"

கூட வந்த சர்வேயர் சியாமக் கயிற்றைப் பிடித்து, குனிந்து, டாக்டரிடம் நீட்டினான்.

"நீங்க முதல்ல, டாக்டர்."

கியூமர்ஸ் ஏறிவிடத்தான் துடித்தார். ஆனால் ஈரானில் பிறந்தவன் சொன்னதும் ஏறிவிடுவானா? வாசலில், டாக்சியில், கசாப்புக் கடையில்கூட "நீங்க முதல்ல" என்று மல்லுக்கட்டுகிற ஜனம்.

"சேச்சே, நீ போப்பா, சியாமக் ஜான்," என்றார் செல்லமாக.

"உங்க கால் தூசி நான். உங்களுக்கு முன்னாடி ஏறினா என் தலையில மண்ணு விழட்டும்."

"என் கண்ணு மேல கால வச்சு ஏறு. என் மேல ஆணை."

தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. இன்னொரு தடவை மறுப்பான், அப்போது வேண்டாவெறுப்பாகச் சம்மதிக்கிற மாதிரி ஏறிவிடலாம் என்று கியூமர்ஸ் கணக்குப் போட்டார். அதுதானே முறை!

"நீ சின்னவன். வீட்ல குழந்தை இருக்கு. போ."

"சரி டாக்டர்," என்று சியாமக் கிடுகிடுவென்று ஏறிவிட்டான்.

அடப்பாவி! கியூமர்ஸ் வாயைத் திறந்தபடி நின்றார். அவன் மேலே கால் வைத்ததும் விளிம்பு பொலபொலவென்று இடிந்தது. முளையும் கயிறும் சேற்றோடு சேர்ந்து உள்ளே விழுந்து, தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டன.

மேலிருந்து சியாமக்கின் குரல் கேட்டது. அவன் அழுதுகொண்டிருந்தான். "டாக்டர்தான் என்னைய வற்புறுத்தி அனுப்பினாரு, நௌரூஸ் அலி. மனுஷனா அவரு!"

"தெய்வப் பிறவிப்பா," என்றார் நௌரூஸ் அலி.

கியூமர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் இடுப்பில் இருந்தது. "தெய்வமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! நான் ஒப்புக்குச் சொன்னேன்டா! நீ மாட்டேன்னு சொல்லுவேன்னு நெனச்சேன்! எனக்குச் சாகப் பயமா இருக்குடா!"

விளிம்பில் சியாமக்கின் தலை எட்டிப் பார்த்தது.

"தெரியும் டாக்டர்," என்றான். "ஒப்புக்குச் சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் ஏறினேன். எனக்கும் பயமா இருந்துச்சு."

மேலே நின்ற ஜீப்பில் கட்டி வேறு கயிறு விட்டார்கள். விளிம்பு இடிந்ததால் ஜீப்பைத் தள்ளித்தான் நிறுத்த முடிந்தது. கயிற்றின் நுனி கியூமர்ஸ் எம்பினாலும் எட்டாத உயரத்தில் ஆடியது.

"தண்ணி ஏறட்டும் டாக்டர். மிதந்தா கைக்கு எட்டிரும்," என்றார் நௌரூஸ் அலி.

"எனக்கு நீச்சல் தெரியாதுடா!"

தண்ணீர் மார்புக்கு வந்தது. கால் நிலைகொள்ளவில்லை. சுவரில் பிடிமானமாக ஒரு கல்கூட இல்லை, அத்தனை வழவழப்பாகச் செதுக்கி வைத்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியும்," என்றான் சியாமக். "நான் குதிச்சு வந்து தோள் குடுக்கட்டுமா? நீங்க ஏறிப் போயிருங்க."

இவன் நிஜமாகக் கேட்கிறானா, ஒப்புக்குக் கேட்கிறானா? கியூமர்ஸுக்குத் தெரியவில்லை. வந்தால் அவன் கீழே மாட்டிக்கொள்வான். வேண்டாம், உனக்கெதற்குச் சிரமம் என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினார்.

"வாடா!" என்று கத்தினார். "வா சியாமக், சீக்கிரம் வா!"

விளிம்பில் தெரிந்த தலை மறைந்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சரி, அவனும் ஒப்புக்குத்தான் கேட்டிருக்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

முகத்தில் மண் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். சேறு அப்பிய இரண்டு கால்கள் கயிற்றில் இறங்கி வந்துகொண்டிருந்தன. கியூமர்ஸ் வாய்விட்டு அழுதார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.