ஒளிராத கன்னம்

அளப்பு மாமாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் வைத்திருந்தார்கள். லாரி ஓட்டிய காலத்தில், பிரேக் பிடிக்காத வண்டியை ஒரே கொட்டாவியில் நிறுத்தியவர் அவர். அவரே சொன்னது.

இப்போது கன்னத்தின் உட்புறம் புற்று. புதுச் சிகிச்சை. ஊசியில் ஏற்றிய மருந்து புற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டும் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், மருந்து விழித்துக்கொண்டு புற்றைப் பொசுக்கும். மருந்து உடம்பைவிட்டுப் போகும்வரை முகத்தில் வெயில் பட்டால் வெந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் ஜன்னல்களில் போர்வை.

"ஏன் மாமா போர்வை?" என்று மாடிப்படியில் எல்லாரும் கேட்டார்கள். புகையிலையை வருஷக்கணக்காகக் கன்னத்தில் அடக்கிய கதையைச் சொல்ல நாக்கு எழவில்லை. வேறு கதைக்கா பஞ்சம்?

"உடம்பு மினுக்குது. தெரு பயந்துடக் கூடாதே! உங்க அத்தை என் கன்னத்து வெளிச்சத்துலதான் ஊசியில நூல் கோக்கறா."

எல்லாரும் சிரித்தார்கள், கீழ்வீட்டுத் தையல்காரியைத் தவிர. அவளுக்கு உணவுக்குழாயில் புற்று. அதே சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். மாமாவுக்கு அது தெரியாது.

ஒரு மத்தியானம் அவள் புருஷன் வாசலில் வந்து நின்றான்.

"அவ ஊசி வேண்டாங்கறா மாமா. கழுத்து மினுக்கிக்கிட்டு இருந்தா எவ அளவு கொடுக்க வருவான்னு அழுவறா. நீங்க சொன்னதை அப்படியே நம்பிட்டா."

மாமா நாற்காலியைவிட்டு எழுந்தார். "கூட்டிட்டு வாப்பா."

அவள் வந்ததும் கதவைச் சாத்தினார். எரிந்துகொண்டிருந்த சின்ன பல்பையும் அணைத்தார். மை இருட்டு.

"என்னைப் பாரும்மா. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல மாமா."

"நல்லாப் பாரு. வாயைத் திறந்து வச்சிருக்கேன்."

"அது கேக்குது. தெரியல."

"இந்த மனுஷனுக்குப் பேச்சுல மட்டுந்தாம்மா மினுக்கு," என்றாள் அத்தை, இருட்டுக்குள்ளிருந்து.

தையல்காரி சிரித்துவிட்டாள். பிறகு அவள் குரல் இறங்கியது. "அப்புறம் ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? நான் செத்தாலும் பரவாயில்லன்னு இருந்துட்டேனே."

மாமாவின் வாய்க்குள் நாலைந்து கதைகள் முண்டியடித்தன. எல்லாவற்றையும் விழுங்கினார்.

"புகையிலைம்மா. நானே வாயில வச்சு வளத்தது. சொல்ல வெக்கமா இருந்துச்சு."



"நான் ஊசி போட்டுக்கறேன்," என்றாள் அவள். "ஆனா படியில கேட்டவங்ககிட்ட எல்லாம் நீங்களே இதைச் சொல்லிடணும். இல்லன்னா நாளைக்கு என்னை மின்மினின்னு கூப்பிடுவாங்க."

"சொல்றேன்."

"எல்லார்கிட்டயும்."

"எல்லார்கிட்டயும்மா."

அத்தை பல்பைப் போடக் கை நீட்டினாள். மாமா தடவித் தடவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. கொஞ்சம் போகட்டும்."

அவர் முகம் வெந்துகொண்டிருந்தது. அறையிலோ ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.