நாற்பதாவது நட்டு

"ஏனுங்க விமலாக்கா, உங்க சமையல்கட்டு எங்க காம்பவுண்டுக்குள்ள ஒண்ணேகால் அடி வந்து நிக்குது. கேட்டா ஊடு தானா வந்துச்சுங்கறீங்க. நாயமுங்களா இது?" என்று ராமாமணி கத்த, "தானாத்தான் வந்துச்சு. வேணும்னா திருப்பித் தள்ளிப் பாருங்க" என்று ஜன்னல் வழியாக விமலாராணி கத்தினாள். அந்த ஜன்னல் இப்போது ராமாமணியின் துளசி மாடத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்ததால் இருவருமே கத்தவேண்டிய அவசியமில்லை. ஆனால் பீளமேட்டில் அந்த வீதிக்கே கேட்கவேண்டியிருந்தது.

விமலாராணி பொய் சொல்லவில்லை. வீடு தென்கிழக்காக நகர்ந்துகொண்டிருந்தது. சர்வேயர் டேப் பிடித்து அளந்தார். சுவர் கூடவுமில்லை, குறையவுமில்லை, வீடுதான் இடம் மாறியிருக்கிறது என்று எழுதிக்கொடுத்து, டீ குடித்துவிட்டுப் போனார்.

எல்லாம் ஒரு டேங்க்கால் வந்தது. தூத்துக்குடிப் பக்கம் படகு வைத்திருந்த விமலாராணியின் அப்பா காலமானதும், அண்ணன்மார் இருவரும் மனையையும் படகையும் பிரித்துக்கொண்டு, தங்கச்சி பங்கு என்று படகின் எண்ணெய் டேங்க்கை மட்டும் பார்சலில் அனுப்பினார்கள். கையில் தூக்கிப்போகிற இருபத்துநாலு லிட்டர் டேங்க். உள்ளே துரு; அடியில் தார்போல இறுகிய பழைய எண்ணெய். "இதைப் புதுசாக்கிக் குடுங்க. அவங்க வாசல்ல கொண்டுபோய் வெச்சு, என் பங்கு எங்கேன்னு கேக்கணும்" என்றாள் கணவரிடம். கணவர் சந்தியாகு பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் டெஸ்டிங்கில் இருந்தவர். சொட்டு ஒழுகினாலும் முத்திரை குத்தாதவர்.

பொள்ளாச்சியிலிருந்து வெல்லக் கழிவு வரவழைத்து, கரைத்து ஊற்றி, ஒரு வாரம் ஊறவைத்தார். இளகிய துருவைச் சுரண்ட நாற்பது நட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். கொட்டி எண்ணினால் முப்பத்தொன்பது. உள்ளே கடகடவென்று கேட்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. காந்தம் விட்டார், கம்பி விட்டார், தலைகீழாகத் தொங்கவிட்டார், எட்டி உதைத்துக் கட்டைவிரலை வீங்கவைத்துக்கொண்டார். மற்றவர்களாக இருந்தால் ஒரு நட்டுதானே, கிடக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். இவர் காலைச் சாப்பாடு முடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை குலுக்கினார். நூறு குலுக்கலுக்கு வீடு ஓர் அங்குலம் நகர்கிறது என்று கண்டுபிடித்தவர் எதிர்வீட்டுத் தனபால். அவருக்கு வேறு வேலை கிடையாது.

"அந்தச் சனியனைக் கீழ வைங்க, இல்லாட்டி கேஸ் போடுவேன்" என்றாள் ராமாமணி. சந்தியாகுவுக்கும் கை விட்டுப்போயிருந்தது. "போதும் ராணி, இப்படியே கொண்டுபோலாம்" என்றார். "உள்ள கடகடன்னா அண்ணன் சிரிப்பான்" என்றாள் அவள். மறுபடி தூக்கினார்.

வீடு ராமாமணி வீட்டை உரசிக்கொண்டு ஒரு மாதம் கடந்தது. அந்த ஒரு மாதமும் சந்தியாகுவின் மகள் டீனாவின் ஜன்னலும் ராமாமணியின் மகன் சாய்குமாரின் ஜன்னலும் நேருக்கு நேர் நின்றதை இரண்டு அம்மாக்களும் சண்டை மும்முரத்தில் கவனிக்கவில்லை. வீதியில் மற்ற எல்லோரும் கவனித்தோம். பிறகு வீடு மெயின் ரோட்டுக்கு இறங்கியது. ரோடு நன்றாக இருந்ததால் வேகமெடுத்தது. பல்லடத்தில் பஸ்கள் ஹாரன் அடித்து ஒதுங்கின, தாராபுரத்தில் விமலாராணி ஜன்னலிலிருந்தே காய் வாங்கினாள். பதினொன்றாம் மாதம், அண்ணன்மார் வீடுகள் இரண்டுக்கும் நடுவே கிடந்த அப்பாவின் காலி மனையில் ஏறி நின்றது. நின்ற அதிர்ச்சியில் நாற்பதாவது நட்டு டேங்க் வாயிலிருந்து தெறித்து விழுந்தது.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம?" என்றார் பெரியண்ணன்.

"பங்குக்கு வந்தேன்" என்றாள். பெரியண்ணன் மனையையும் வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார். அதற்குப் பிறகு வீடு அசையவில்லை. சந்தியாகு டேங்க்குக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வாசலில் வைத்திருக்கிறார்.

டீனா அந்தப் பயணத்தில் போகவில்லை. ஜன்னல்கள் விலகுவதற்கு முந்தின நாளே சாய்குமார் பக்கம் தாண்டி வந்துவிட்டாள், ரிஜிஸ்தர் கல்யாணம். ராமாமணி நாற்பது நாள் பேசாமல் இருந்து, நாற்பத்தொன்றாம் நாள் சாம்பாரில் உப்புக் குறை என்றாள். பழைய இடத்தில் சாய்குமார் கார் நிறுத்துகிறான். வீட்டு வரி கேட்டு வருகிறவர்களிடம் ராமாமணிதான் பதில் சொல்கிறாள்: "அவங்க தூத்துக்குடிக்குப் போயிட்டாங்க. ஊட்டையும் எடுத்துட்டுத்தானுங்க போனாங்க."