ரெட்டை அம்பு

பெரம்பலூர் பயிர் சர்வே ஆபீஸில் இருந்த வேலை ஒன்று, அதற்கு ஆள் இரண்டு. ஆண்டிமடத்து முந்திரியைக் கணக்கிடும் ஆனி ரோஸ், குரும்பலூர் மக்காச்சோளத்தைக் கணக்கிடும் கலைச்செல்வன். யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவு செய்ய, சென்னையிலிருந்து மேலாளர் தங்கசாமி மூன்று மணிக்கு வருகிறார்.

மணி இரண்டரை. இருவர் கணக்கும் 'ஆர்' என்ற கணினி மொழியில் ஒரே அறிக்கையாக ஓட வேண்டும். ஆனி ரோஸ் எழுதிய ஃபங்ஷனுக்குள், அதாவது அவள் கணக்கு மட்டும் ஓடும் தனித் துண்டுக்குள், 'மகசூல்' என்று கேட்டால், ஏக்கருக்கு மூன்று குவிண்டால் என்று ஒழுங்காகச் சொல்கிறது. வெளியே அறிக்கையில் கேட்டால் இருபத்தைந்து என்கிறது. முந்திரி அப்படிக் காய்த்திருந்தால் தோப்பு வைத்திருக்கும் அவள் அப்பா சவரியார் இந்நேரம் கார் வாங்கியிருப்பார்.

"உள்ள ஒண்ணு சொல்லுது, வெளிய ஒண்ணு சொல்லுது. இத வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"பேருக்கு எண்ணை வைக்கிற அம்புக்குறிய '<-'ன்னு ஒத்தையா போட்டா உள்ளயே நின்னுடும்ங்க. '<<-'ன்னு ரெட்டை அம்பு போடுங்க, வெளிய வந்துடும்," என்றான் கலைச்செல்வன். போட்டிக்காரன் என்றாலும் நல்ல மனசு.

போட்டாள். முந்திரி மூன்று என்று வந்தது. மாதாவுக்கு ஒரு கும்பிடும் போட்டாள்.

தங்கசாமி வந்தார், அறிக்கையைப் பார்த்தார். "ஏன் கலைச்செல்வன், மக்காச்சோளம் ஏக்கருக்கு மூணு குவிண்டாலா? விதைச்சீங்களா, காக்காய்க்குப் போட்டீங்களா?"

கலைச்செல்வன் திரையை எட்டிப் பார்த்தான். ஆனி ரோஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனும் தன் எண்ணுக்கு 'மகசூல்' என்றே பெயர் வைத்திருக்கிறான். வெளியே இருந்த இருபத்தைந்து அவனுடைய சோளம். இவளுடைய ரெட்டை அம்பு வெளியே போய் அதை அழித்துவிட்டு மூன்றை உட்கார வைத்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

பேசாமல் இருந்தால் வேலை அவளுக்கு. ஒரு நிமிடம் அப்படித்தான் இருந்தாள், மறைப்பானேன். ஆனால் அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"தப்பு என்னுதுங்க சார்," என்று நடந்ததை விளக்கினாள்.

திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. தங்கசாமி திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லத் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். முப்பத்தெட்டு மாவட்டம், அத்தனைக்கும் ஒரே மகசூல். வரிக்கு வரி ரெட்டை அம்பு.

"மாநிலம் பூரா ஒரே சீரான வளர்ச்சின்னு போன மாசம்தான் மேடையில பேசிட்டு வந்தேன்," என்றார். "கதவச் சாத்துங்க."

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பேருக்கும் வேலை நிரந்தரமானது. ஆனி ரோஸுக்கு அதைத் திருத்துவதற்கு, கலைச்செல்வனுக்கு வெளியே சொல்லாமல் இருப்பதற்கு.