பவுனம்மாளின் பாரம்

1951ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை வெள்ளைக்கரைக் குப்பத்துப் பவுனம்மாள் செத்துப்போனபோது அவள் எடை மூன்று மணங்கு, இன்றைய கணக்கில் முப்பத்துநாலு கிலோ. சனிக்கிழமை மதியம் அது அறுபத்திரண்டு மணங்காகியிருந்தது. நிறுத்துச் சொன்னவன் வரதன். ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் மூட்டை தூக்கியவன், தோளில் ஏறிய எதையும் கால் மணங்கு பிசகாமல் சொல்லிவிடுவான். எண்ணூருக்குத் தெற்கே மணலில் கிடந்த அந்தக் குப்பத்துக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஊர் ஆம்பிளைகள் பதினாறு பேர் முக்கியும் பாடை அசையாததால் அழைத்து வரப்பட்டவன். பேத்தி கன்னியம்மாவுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. புதன்கிழமைகூட அவள் ஆயாவை இடுப்பில் குழந்தைபோல் தூக்கி வெயிலில் உட்கார வைத்திருந்தாள்.

எல்லாம் பக்கத்துக் குப்பத்தின் மேல் இருந்த பொறாமையால் வந்தது. போன மாசம் அங்கே ஒரு கிழவி செத்தபோது ஒரு பகல் முழுக்க ஒப்பாரி நடந்தது. குப்பத்துத் தலைவர் தேசப்பன், நம்ம பவுனம்மாளுக்கு மூன்று பகல் நடக்காவிட்டால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி, காசிமேட்டிலிருந்து கெங்கம்மாவை வரவழைத்தார். கெங்கம்மா ஒருமுறை பேசின் பிரிட்ஜ் பக்கம் அழுதபோது கூட்ஸ் வண்டி ஒன்று புறப்பட மனமில்லாமல் நாற்பது நிமிஷம் நின்றது என்பார்கள். அவள் முறை இதுதான்: செத்தவரைப் பற்றித் தெரிந்ததை ஒவ்வொருவரும் அவள் காதில் போட வேண்டும், அவள் ஒரு சொல் சிந்தாமல் அதைப் பாடிவிடுவாள்.

பாடுவதற்கா பஞ்சம்? பவுனம்மாள் பிறந்தது தாது வருஷப் பஞ்சத்தில் என்று ஒரு கணக்கு. அப்படியானால் வயது எழுபத்தைந்து. அவளோ நூற்றிமூன்றுக்குக் கீழே இறங்க மறுத்தவள். எம்டன் கப்பல் சுட்ட குண்டு ஒன்று வெடிக்காமல் அவள் வாசலில் வந்து விழ, ஆறும்வரை காத்திருந்து அதை உருட்டி மிளகாய் அரைத்தாள். அந்தக் குழம்பைச் சாப்பிட்டவர்களுக்கு ஒரு வாரம் காதில் இரைச்சல் நிற்கவில்லை. மகன் கடலோடு போய்த் திரும்பாத வருஷம் அவள் கடலுடன் பேச்சை நிறுத்தினாள். பதினோரு வருஷம் கடலுக்கு முதுகைக் காட்டிக் கரையில் பின்புறமாகவே நடந்து மீன் விற்றாள். சமாதானம் பேச நினைத்த கடல் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு முழு வஞ்சிரத்தை அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனது. அவள் அதைப் பூனைக்குப் போட்டாள். ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியான நாற்பத்திரண்டில், விளக்கு ஏற்றக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட, கலங்கரை விளக்கமும் கண்ணை மூடிக்கொள்ள, இருட்டில் கரை தெரியாமல் தவித்த கட்டுமரங்களுக்காகக் கிழவி கதவைச் சாத்திக்கொண்டு நெத்திலி வறுத்தாள். அந்த வாசம் மூன்று மைல் கடலுக்குள் போய் முப்பத்தாறு கட்டுமரங்களை மூக்கைப் பிடித்து இழுத்து வந்தது. ஒரு மரம் மட்டும் தவறிப் போனது. அதில் இருந்தவனுக்குச் சளி.

மூன்றாம் நாளான அந்தச் சனிக்கிழமை மதியம் வரதன் தோளிலிருந்து மூங்கிலை இறக்கி வைத்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேசப்பனிடம் சொன்னான்: "காலீல இருந்த கனம் இல்ல நைனா இது. ஏறிக்கினே கீது. அந்தம்மா ஒரு வரி பாடறப்போல்லாம் ஒரு மூட்ட ஏறுது. நீங்கோ பொணத்தத் தூக்கல. உங்கோ ஞாபகத்தத் தூக்கிக்கினு கீறீங்கோ."

கெங்கம்மாவை உடனே நிறுத்தச் சொன்னார்கள். அவள் நிறுத்தினாள், ஏறிய பாரம் இறங்கவில்லை. பிணம் கிடக்கும் குப்பத்தில் அடுப்பு எரியாது, மரம் கடலில் இறங்காது. இது அந்தக் கரையின் கட்டுப்பாடு. மீறியவனுக்கு வலையில் மீன் படாது, மண்ணில் இடம் கிடையாது. பக்கத்துக் குப்பத்தார் மூன்று நாள் கஞ்சி அனுப்பினார்கள். நாலாம் நாள் அவர்களும் தங்கள் பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆடி வெயிலில் கிழவியின் உடம்பு கெடவே இல்லை, உயிரோடிருந்தவர்கள்தான் வற்றினார்கள்.

ஆறாம் நாள், பசியில் கண் இருட்டிக் கிடந்த பக்தவச்சலம் என்கிற வலைக்காரக் கிழவன் பாடையைப் பார்த்து எரிந்து விழுந்தான். "எம்டன் குண்டுல மொளகா அரச்சாளாம். எல்லாம் பீலா." பாடையின் ஒரு மூலை கிறீச்சிட்டது. வரதன் ஓடிப்போய் தோள் கொடுத்துப் பார்த்து, நாலு மணங்கு குறைந்திருக்கிறது என்றான். பக்தவச்சலம் எழுந்து, எந்தக் குண்டு, யாருக்கு மிளகாய் என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

அதற்குப் பிறகு வழி தெளிவாகிவிட்டது. குப்பத்தார் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகக் கிழவியின் காதருகே குனிந்து, நடந்தது நடக்கவில்லை என்று சொன்னார்கள். மனசாரச் சொன்னால்தான் எடுபட்டது; சும்மா சொன்னவர்கள் திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. நாற்பத்திரண்டில் கரை சேர்ந்தவர்கள், நாங்களே நீந்தி வந்தோம் என்றார்கள். அவள் கையில் பிறந்தவர்கள், நாங்களாகவே பிறந்தோம் என்றார்கள். சொல்லி முடித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏன் துடைக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார்கள். தேசப்பன் பெரிய மனுஷனாயிற்றே, தலைவர் என்கிற முறையில் ஊராரில் கடைசியாகச் சொன்னார். அதற்கு முன்பு கன்னியம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"பக்கத்து ஊட்டு செல்லம்மாவோட கைக்கொயந்த பாலில்லாம அய மாட்டேங்குது கண்ணு. அயுவறதுக்குக்கூட தெம்பு இல்ல அதுக்கு."

எட்டாம் நாள் இருபத்தாறு மணங்கு மிச்சம் இருந்தது. கிழவியின் சொந்த எடை மூன்று போக மற்ற அத்தனையும் கன்னியம்மாவுடையது. அவள் சின்னதிலிருந்து தொடங்கினாள். ஆயா எனக்குத் தலை வாரவில்லை. ஆயா எனக்குக் காது குத்தவில்லை, சுடுசோறு ஊதிக் கொடுக்கவில்லை. ஆயா ஒற்றியூர் தேருக்கு என்னைத் தோளில் தூக்கிப் போகவில்லை. ஒவ்வொன்றும் போகப் போக அவள் முகத்தில் ஒரு வெறுமை ஏறியது. எல்லாம் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியபோது நிறுத்திக்கொண்டாள்.

அது இதுதான். அப்பன் கடலிலும் ஆத்தா காலராவிலும் போன பிறகு நாலு வயசுக் கன்னியம்மா பேச்சை விட்டுவிட்டாள். வைத்தியம் பார்த்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். கிழவி எதுவும் செய்யவில்லை. பேத்திக்குத் துணையாகத் தானும் வாயை மூடிக்கொண்டாள். ஊரிலேயே பெரிய வாய்க்காரி, ஒரு வருஷம் கைஜாடையிலேயே மீன் விற்றாள், கைஜாடையிலேயே சண்டை போட்டாள். ஒருநாள் குழந்தை "பசிக்குது" என்றது. கிழவி "எனக்கும்தாண்டி" என்றாள்.

கன்னியம்மா இதை வரதனிடம் சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். "இத்த மட்டும் வெச்சிக்கிறேன் அண்ணே. தூக்க முடியுமா பாரு."

வரதன் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு தோள் கொடுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. பாடை மணலை விட்டு ஒரு விரற்கடை எழவில்லை. அவன் மூங்கிலை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"முடியாது தங்கச்சி. இதான் பாரமே."

செல்லம்மா வீட்டிலிருந்து சத்தமே வரவில்லை. கன்னியம்மா குனிந்தாள். "எனக்கு ஆயான்னு யாரும் இல்ல. நானாதான் வளந்தேன்" என்றாள். இரண்டு தரம் சொன்னாள். முதல் தரம் எடுபடவில்லை.

பாடையை இரண்டே பேர் தூக்கினார்கள். இடுகாட்டுக்குப் பாதி தூரத்தில் முன்னால் பிடித்தவன், இது யார், நாம் ஏன் தூக்குகிறோம் என்று கேட்டான். பின்னால் பிடித்திருந்த வரதன் நடையை நிறுத்தாமல் வழி மட்டும் காட்டினான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா யார் வீட்டுச் சாவு என்று பக்கத்தில் கேட்டாள், யாருக்கும் தெரியவில்லை. அன்று மாலை எண்பது அடுப்பும் எரிந்தன. விடியற்காலையில் மரங்கள் இறங்கின. செல்லம்மாவின் குழந்தை பிழைத்துக்கொண்டது.

வரதன் மட்டும் எதையும் மறக்கவில்லை. கிழவியை அவன் உயிரோடு பார்த்தவன் அல்ல. காதால் கேட்டது மட்டும்தான் என்பதால் அவன் நினைவு பாடைக்குக் கனக்கவில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் முதுகு ஒடிந்து வேலையை விட்டவன், ராயபுரம் மீன் கடையில் கன்னியம்மாவைப் பார்த்தான். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. எதிரில் குந்தி உட்கார்ந்து, யாரோ ஒரு குப்பத்துக் கிழவியின் கதை என்று சொல்லி, குண்டிலிருந்து நெத்திலிவரை, பேசாமல் இருந்த அந்த ஒரு வருஷம்வரை எல்லாவற்றையும் சொன்னான். அவள் கால் மாற்றாமல், ஈ ஓட்டாமல் கேட்டாள்.

"அந்தம்மா பேத்தி குடுத்து வெச்சவ" என்றாள் கடைசியில். "நமக்கெல்லாம் யாரு இருந்தாங்கோ." பிறகு மீன்மேல் தண்ணீர் தெளித்து, அடுத்து வந்த ஆளைக் கூப்பிட்டாள்.