எண்ணெய் போன வழி

புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வகோட்டைக்கு ஓடிய பஸ்களில் ஒன்று சொர்ணவல்லியுடையது. அவள் கணவர் வாங்கிய அமெரிக்க வண்டி அது. அவர் காய்ச்சலில் போனதும், வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கும்படி உறவுக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். சொர்ணவல்லி விற்கவில்லை. பெர்மிட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே குடியேறிவிட்டாள். டிரைவர் அய்யாக்கண்ணுவும் கண்டக்டர் மூக்கனும் கணவர் காலத்து ஆட்கள்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. மோட்டார் எண்ணெய் அதைவிட அரிதாகிவிட்டது. திருச்சிக்கு ஆள் அனுப்பி, கடைக்காரன் மனம் வைத்தால் ஒரு டின் கிடைக்கும். அப்படிப்பட்ட நாளில்தான் வண்டி எண்ணெயைக் குடிக்க ஆரம்பித்தது.

"மேல் மூடியில கசியுது ஆச்சி. பேக்கிங் போயிருச்சு," என்றான் அய்யாக்கண்ணு.

எஞ்சினின் தலையில் வால்வுகளை மூடியிருக்கும் நீளமான தகர மூடி அது. மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே தக்கையில் வெட்டிய பேக்கிங் ஒன்று உண்டு. அது நைந்தால் எண்ணெய் வெளியே வரும். சொர்ணவல்லி இன்னாசியை வரவழைத்தாள். இன்னாசி சொந்தமாகப் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். புதுத் தக்கை வாங்கி, வெட்டிப் போட்டுவிட்டுப் போனான். அந்த வாரம் எண்ணெய் குறையவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் குறைந்தது. "மூடியிலதான் கசியுது ஆச்சி," என்றான் அய்யாக்கண்ணு.

சொர்ணவல்லி இன்னாசியைக் கேட்டாள். அவன் ஷெட்டில் நின்ற வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"கீழ ஒரு சொட்டு இல்லிங்க. தரை காஞ்சு கெடக்கு. என் பேக்கிங் போட்டு மாசங்கூட ஆகலை. கசிஞ்சா கீழதானே விழணும்?"

அவன் சொன்னது சரியாகத்தான் பட்டது. அன்று சாயந்தரம் மூக்கன் டிக்கெட் பையை ஒப்படைக்க வந்தவன், கேட்காமலே ஒன்றைச் சொன்னான். "ஆதனக்கோட்டையில ஒரு கடையில மோட்டார் எண்ணெய் கள்ளத்தனமா விக்கிறாங்களாம் ஆச்சி. நான் யாரையும் சொல்லலை. காதுல விழுந்துச்சு, சொன்னேன்."

ஆதனக்கோட்டையில் வண்டி தினமும் டீ குடிக்க நிற்கும். மறுநாளிலிருந்து சொர்ணவல்லி எண்ணெய் டின்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாள். காலையில் தானே எடுத்து வந்து, தன் முன்னால் ஊற்றச் சொன்னாள். ஆதனக்கோட்டையில் வண்டியை விட்டு யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்துவரும்படி மூக்கனிடம் சொல்லிவைத்தாள்.

அய்யாக்கண்ணுவுக்கு இது தெரியாமல் போகுமா? டின் இடம் மாறிய அன்றே தெரிந்துவிட்டது. மூக்கன் டீக்கடையில் தன் பின்னாலேயே வந்து நின்றபோது மீதியும் தெரிந்தது. முன்பு அய்யாக்கண்ணு வண்டியை விட்டு இறங்கியதும் வழியில் நடந்ததை நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். அதை நிறுத்திக்கொண்டான். சாவியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டுவான், போய்விடுவான்.

ஒரு திங்கட்கிழமை எண்ணெய் அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தபோது நுனியில்தான் ஈரம் இருந்தது. பிரயாணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சொர்ணவல்லிக்குப் பொறுக்கவில்லை.

"கீழ ஒழுகலைங்கிறான் மெக்கானிக். அப்ப எண்ணெய் எங்கிட்டுத்தான் போகுது? காத்துலயா பறக்குது?"

ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அய்யாக்கண்ணு கையிலிருந்த துணியை மடித்தான்.

"நான் சொன்னா நீங்க நம்பப்போறதில்லை. வண்டியில ஏறுங்க ஆச்சி. வந்து பாருங்க."

அவள் அப்படியே, உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையோடு, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கணவர் இருந்த காலத்தில்கூட அவள் முன் சீட்டில் போனதில்லை. மூக்கன் விசில் ஊதினான்.

ஊரைத் தாண்டியதும் செம்மண் புழுதி கிளம்பிற்று. கொஞ்ச தூரத்துக்கு எதுவும் தெரியவில்லை. ஏரிக்கரை மேட்டில் வண்டி முனகிக்கொண்டு ஏறியபோதுதான் காலடிப் பலகையின் இடுக்கு வழியாக ஒரு வாடை வந்தது. தீய்ந்த எண்ணெய் வாடை. சமையற்கட்டில் நாளெல்லாம் நின்றவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது தினமும் வருமா?"

"மேட்டுல வரும். எறக்கத்துல நின்னுபோகும். பின்னாடி உக்காந்திருக்கவுங்க புகையைப் புழுதின்னு நெனச்சுக்குவாங்க."

மேட்டின் உச்சியில் அவன் வண்டியை ஓரங்கட்டினான். எஞ்சினை நிறுத்தாமல் இறங்கி, பானெட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். சொர்ணவல்லி சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு குனிந்தாள். நீலப் புகை மெல்ல எழுந்து முகத்தில் அடித்தது. மூடியின் பின்பக்க விளிம்பிலிருந்து எண்ணெய் பொட்டுப் பொட்டாகத் திரண்டது. நேர் கீழே புகை போகும் குழாய், தொட்டால் தோல் உரியும் சூட்டில் இருந்தது. சொட்டு அதன்மேல் விழுந்தது, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல் சுர்ரென்று சத்தம், அப்புறம் புகைதான். தரையில் விழ ஒன்றும் மிஞ்சவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த சொட்டும் விழுந்தது, அதற்கடுத்ததும். வண்டிக்குள் யாரோ, "ஏம்ப்பா, போகலாமா?" என்று கத்தினார்கள்.

"போகலாம்," என்றாள் சொர்ணவல்லி.

கந்தர்வகோட்டை போய்த் திரும்பும்வரை அவள் முன் சீட்டிலேயே இருந்தாள். முந்திரித்தோப்புகள் ஒவ்வொன்றாக வந்து போயின.

சாயந்தரம் இன்னாசியைக் கூப்பிட்டனுப்பினாள். அவன் மூடியைக் கழற்றினான். அவனே போட்ட தக்கை ஒரு பக்கம் பிதுங்கி, இரண்டாகப் பிளந்து கிடந்தது. பழைய வண்டிக் கண்ணாடி ஒன்றைப் பெஞ்சில் படுக்கவைத்து, மூடியை அதன்மேல் வைத்து விரலால் அமுக்கினான். மூடி கால் சரியில்லாத முக்காலிபோல் ஆடியது. மேலே நட்டு இருக்கும் இடங்கள் உள்வாங்கியிருந்தன. விளிம்பு பின்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

"யாரு இந்த நட்டை இம்புட்டு இறுக்குனது?" என்றான் இன்னாசி.

"நாந்தான்," என்றான் அய்யாக்கண்ணு. "கசிஞ்சுச்சு, இறுக்குனேன். மறுநாளும் கசிஞ்சுச்சு, மறுபடி இறுக்குனேன்."

"இறுக்க இறுக்கத் தகரம் வளையும்ப்பா. வளைய வளைய வழி விடும்."

"அன்னைக்கி எஞ்சின் ஓடும்போது நீ பாத்திருந்தா அப்பவே சொல்லியிருக்கலாம். நீ தரையைப் பாத்துட்டுப் போயிட்ட."

இன்னாசி மூடியைக் கவிழ்த்துப் போட்டு, மரச்சுத்தியலால் விளிம்பைத் தட்ட ஆரம்பித்தான். தட்டுவான், கண்ணாடியில் வைத்துப் பார்ப்பான், மறுபடி தட்டுவான். அசையாமல் படியும்வரை விடவில்லை. எஞ்சின் பக்கத்தில் ஒட்டியிருந்த பழைய தக்கைத் துகளையெல்லாம் சுரண்டித் துணியால் துடைத்தான். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மூடியில் மட்டும் தடவி, புதுத் தக்கையை ஒட்டிக் காயவிட்டான். நட்டுகளை முதலில் விரலாலேயே முடுக்கினான். அப்புறம் ஸ்பானரால் கொஞ்சம், இங்கிட்டு ஒன்று அங்கிட்டு ஒன்றாக. தக்கை லேசாக அமுங்கியதும் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் சொர்ணவல்லி மறுபடியும் முன் சீட்டில் ஏறினாள். ஏரிக்கரை மேட்டில் வாடை வரவில்லை. திரும்பிவந்ததும் மூடியின் விளிம்பைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். துணியில் புழுதி மட்டுமே இருந்தது.

அவளுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சாவியை மாட்ட வந்த அய்யாக்கண்ணுவை நிற்கச் சொன்னாள்.

"ஒன்னைத் தப்பா நெனச்சுட்டேன்ப்பா. எல்லாரும் பாக்கக் கேட்டதும் தப்பு."

"சரிங்க ஆச்சி." அவன் ஆணியில் சாவி ஆடி நிற்கும்வரை பார்த்தான். "நானும் சொல்லணும்னுதான் இருந்தேன். திருச்சியில பட்டாளத்து லாரிக்கு ஆள் எடுக்கிறாங்க. பேர் குடுத்துட்டேன்."

"எப்ப குடுத்த?"

"டின்னை உள்ள வச்சுப் பூட்டுனீங்கள்ல, அந்த வாரம்."

"இப்பத்தான் எல்லாம் சரியாயிருச்சே. இருந்துரேன்."

"வண்டி சரியாயிருச்சு. ஒங்க மேல கோவமில்லை ஆச்சி. எண்ணெய் கொறையும்போது எந்த மொதலாளியும் டிரைவரைத்தான் பாப்பாங்க. ஆனா நான் சொன்னது காதுல ஏறலை, மூக்கன் சொன்னது ஏறிருச்சு. அதுக்கப்புறம் தினமும் காலையில வந்து ஒங்க மொகத்தைப் பாக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அவள் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினாலும் நிற்கமாட்டான் என்று தெரிந்தது.

மாதக் கடைசியில் வீரய்யா என்ற புது டிரைவர் வந்தான். அவன் வந்த அன்றே அய்யாக்கண்ணு அவனுக்கு வண்டியைச் சுற்றிக் காட்டிவிட்டு, கந்தர்வகோட்டையில் இருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு வரத் தன் பெட்டியோடு அதே பஸ்ஸில் ஏறினான். பின் சீட்டில், ஒரு கோழிக்கூடைக்காரிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மூக்கன் அவனைத் தாண்டிப் போகப் பார்த்தான்.

"டிக்கெட் குடு," என்றான் அய்யாக்கண்ணு.

"ஒனக்கு எதுக்குண்ணே?"

"குடுப்பா."

மூக்கன் சொர்ணவல்லியைத் திரும்பிப் பார்த்தான். ஷெட் வாசலில் நின்ற அவள், குடுத்துரு என்று தலையசைத்தாள். அவன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். வீரய்யா கியர் போடும்போது ஒருமுறை கிறீச்சிட்டது. பின் சீட்டிலிருந்த அய்யாக்கண்ணுவின் இடது கை தானாக முன்னால் நீண்டு, பிறகு மடியிலிருந்த பெட்டிமேல் படிந்தது. வண்டி நகர்ந்தது.