தொட்டில் எரிந்த மதியம்

கிணற்றடியிலிருந்து குடத்தோடு திரும்பிய ஜெயபாய்க்குத் தெருமுனையிலேயே புகை நாற்றம் அடித்தது. யாரோ சோளத்தட்டை எரிக்கிறார்கள் என்று நினைத்தாள். தன் வீட்டு ஓட்டிடுக்கில் புகை கசிவதைக் கண்டதும் குடம் நழுவி விழுந்தது.

கொஞ்சம் முன்புதான் ஆறு மாதக் குழந்தை தேவகிருபையைக் குளிப்பாட்டி, பிள்ளை பார்க்கும் சீனியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தலை காயச் சாம்பிராணி காட்டிவிட்டுத் தொட்டிலில் போடச் சொல்லியிருந்தாள்.

உள்ளே ஓடினாள். தொட்டில் தொங்கிய உத்தரத்தில் கருகிய கயிற்றுத்துண்டு மட்டும் இருந்தது. அதன் கீழே கங்கு நிறைந்த தூபக்கால். அதன்மேல் தொட்டில் சேலை எரிந்து குவிந்திருந்தது. துணிக்கொடியும் அறுந்து, போலீஸ் ஏட்டான கணவனின் காக்கி உடுப்பு நெருப்பில் கிடந்தது.

"ஆண்டவரே! எம்பிள்ள!"

இரண்டு கைகளாலும் அந்தக் குவியலைக் கிளறினாள். உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே இழுத்தாள். கருகிக் கட்டிதட்டிய தலையணைப் பஞ்சு. பிள்ளை இல்லை. பானைத் தண்ணீரை நெருப்பில் கவிழ்த்துவிட்டு, தலைவிரி கோலமாக வெளியே ஓடினாள்.

தெருவின் அந்தக் கோடியில் சீனியம்மாள் வெற்றிலை மென்றபடி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன தாயி, இப்பிடி ஓடி வாரீய? ரோசம்மா வீட்ல செத்த நேரம் பேசிட்டு வரலாம்னு போனேன்."

ஜெயபாய் குழந்தையைப் பறித்து முகர்ந்தாள், காலையும் கையையும் தடவிப் பார்த்தாள். அதன்பிறகுதான் அழுகை வந்தது.

"தூபக்கால தொட்டிலுக்குக் கீழ வச்சிட்டா போவ? பிள்ள உள்ள கெடந்திருந்தா?"

வாசலில் நின்று உள்ளே பார்த்த சீனியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் தூக்கிட்டுப் போனதுனாலதான தாயி பிள்ள பொழச்சுது... ஏட்டையாகிட்டச் சொல்லிராதீய. என்னைய அடிச்சே கொன்னுருவாரு."

அந்தப் பயம் ஜெயபாய்க்கும் இருந்தது. மறுநாள் பெரிய துரை வந்து பரேடு பார்க்கிறார் என்று கணவர் சத்தியநேசன் துவைத்துப் போடச் சொன்ன உடுப்பு அது. பொத்தான் அறுந்ததற்கே சோற்றுத் தட்டை வீசியெறிந்தவர். ஆனாலும் அவள் எதையும் பெருக்கி மறைக்கவில்லை. குழந்தையை அணைத்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சீனியம்மாளும் போகாமல் வாசலிலேயே கிடந்தாள்.

வெயில் சாயும்போது பூட்ஸ் சத்தம் கேட்டது. ஜெயபாய் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். உள்ளே வந்த சத்தியநேசன் உத்தரத்தைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"பிள்ள எங்க?"

"இந்தா இருக்கா."

எழுந்து வந்து காட்டினாள். குழந்தையின் தலையில் கை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகுதான் அவள் உள்ளங்கைக் கொப்புளங்களைக் கண்டார்.

"நெருப்புக்குள்ள கைய விட்டியா?"

அவள் தலையசைத்தாள். எரிந்த உடுப்பைக் காலால் ஒதுக்கிவிட்டு அவரே தேங்காயெண்ணெய் எடுத்து வந்து தடவினார்.

"கூட வேல பாக்க சங்கரலிங்கத்துட்ட உடுப்பு இரவல் கேக்கேன். அவள அவ ஊரு மம்சாபுரத்துக்கே போகச் சொல்லு. என் கண்ணுல பட வேண்டாம்."

சீனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒருக்கா பிள்ளையத் தாங்க தாயி. போயிருதேன்."

ஜெயபாய் குழந்தையின் முகம் தெரியும்படி திருப்பிக் காட்டினாள். பிடியை மட்டும் தளர்த்த அவளால் முடியவில்லை.